மகார் வீட்டு மருமகள்

என் வாயை யாரும் திறந்துவிடவில்லை, நானாகத்தான் திறந்துகொண்டேன், திறந்த நாளிலிருந்து மூடவும் இல்லை, அதனால் இந்த ஊரில் பாதிப் பேர் என்னைக் கண்டாலே அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். போகட்டும். உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆர்மீனிய நாட்டின் மேட்டுப் பகுதியில், நோவாவின் பேழை தட்டி நின்ற பனிமலை வாசலுக்கு வந்தாலே தெரிகிற எங்கள் ஊரில், மங்கோலியக் குதிரைகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முந்தைய காலத்தில், மகார் வீட்டு மருமகள் செத்து, அவளைப் புதைத்து, தலைமாட்டில் சிலுவைக்கல் நட்டு, ஆடு அடித்து ஊருக்கே விருந்து வைத்து எல்லாம் முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் அவள் வந்து ரொட்டி சுட உட்கார்ந்தாள்.

வந்தது பெரிய விஷயமில்லை. வந்தவளை வைத்து இந்த ஊர் என்ன செய்தது என்பதுதான் விஷயம், அது புரிய வேண்டுமானால் எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கல்யாணமாகி மாமனார் வீட்டு நிலைப்படியைத் தாண்டும்போது மூக்குக்குக் கீழே தொடங்கி மோவாய் வரைக்கும் ஒரு துணியைக் கட்டிவிடுவார்கள். அதற்கு வாய்த்துணி என்று பெயர். அன்றிலிருந்து மாமனார் காதிலும் மாமியார் காதிலும் கணவனின் அண்ணன்மார் காதிலும் அவள் குரல் விழக் கூடாது, சிரிப்பு விழக் கூடாது, இருமல் வந்தால் ஆட்டுத்தொழுவத்துக்கு ஓடிப்போய்த்தான் இரும வேண்டும். மாமனாருக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது ஒரு பரிசைக் கையில் கொடுத்து, ‘பேசு மகளே’ என்று அவர் சொல்ல வேண்டும், அதுதான் வாய் திறப்பு. சிலருக்கு முதல் குழந்தை பிறந்ததும் திறக்கும், சிலருக்குத் தலை நரைத்த பிறகு திறக்கும், அதற்குள் என்ன பேச நினைத்தோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

அதுவரைக்கும் எங்களுக்குக் கைதான் நாக்கு. மாமனார் என்றால் தாடையைத் தடவ வேண்டும், மாமியார் என்றால் இடுப்பில் சாவி தொங்கும் இடத்தைத் தட்ட வேண்டும், ரொட்டி என்றால் உள்ளங்கையில் உள்ளங்கையை அறைய வேண்டும். ‘கூப்பிடு’ என்பதற்குத் தொண்டையைத் தொட்டுவிட்டு விரித்த கையை முன்னால் வீச வேண்டும். அந்தச் சைகை எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதிகம் பயன்படுத்தியதில்லை, நாங்கள் யாரைப் போய்க் கூப்பிட?

ஊற்றடியில் மட்டும் பெரியவர்கள் இருக்கமாட்டார்கள். அங்கே போனதும் துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுப் பேசுவோம். மகார் வீட்டு மருமகள் கணவாய்க்கு அப்பால் உள்ள ஊரிலிருந்து வாழ வந்தவள், பெயர் வானேனி, ஊற்றடியில் அவள் போடாத கூத்து இல்லை. மாமனார் மகார் குறட்டை விடுவதும், நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று விழிப்பதும், ‘யாரது?’ என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்குவதும் எல்லாம் அப்படியே செய்து காட்டுவாள், குடம் நிறைந்து வழிவதுகூட எங்களுக்குத் தெரியாது. அவள் புருஷனும் என் புருஷனும் அந்தக் கோடைக் கடைசியில் இளவரசரின் படையோடு ஒரே நாளில் கிளம்பிப் போனவர்கள், போன இடத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை, அதனால் எங்கள் இரண்டு பேருக்குள்ளும் கொஞ்சம் கூடுதலான ஒட்டுதல்.

அவள் செத்தது திராட்சை மிதிக்கிற காலத்தில். நிறைமாதமாக இருந்தாள். தோனீர் இருக்கும் அறையில், அதாவது தரையில் ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி தோண்டி மண் பூசி எங்கள் பெண்கள் ரொட்டி சுடுகிற அடுப்பு இருக்கும் அறையில், தனியாக இருந்தபோது வலி கண்டுவிட்டது. மாமியார் மம்கான் தோட்டத்துக்குப் போயிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மகார் விருந்தாளிகளோடு உட்கார்ந்து புது மதுவைச் சுவை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் யாராவது மருத்துவச்சியைக் கூட்டி வந்திருப்பார்கள். அவள் கொடுக்கவில்லை, வாய்த்துணியைக் கடித்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். மம்கான் திரும்பி வந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

ஊரே அவளை மெச்சியது. சுவருக்கு இந்தப் பக்கம் உயிர் போகிறது, அந்தப் பக்கம் இருந்த மாமனாருக்கு ஒரு முனகல்கூடக் கேட்கவில்லையே, வளர்ப்பு என்றால் இதல்லவா வளர்ப்பு என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். அடக்கத்தின்போது ஜெபத்தில் சேர்ப்பதற்காகப் பாதிரியார் ஓஹான் பெயரைக் கேட்டார், மகார் வானத்தைப் பார்த்துவிட்டு, “மகார் வீட்டு மருமகள்னு சொல்லுங்க சாமி, ஆண்டவருக்குத் தெரியாதா” என்றார். பாதிரியாரும் அப்படியே சொன்னார். கல்லிலும் அப்படியே வெட்டினார்கள். பெயர் தெரிந்த நாங்கள் ஏழெட்டு மருமகள்கள் பக்கத்திலேயே வரிசையாக நின்றோம், எங்கள் வாயெல்லாம் கட்டியிருந்தது.

அப்புறம்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. மம்கான் மாவுத் தட்டோடு தோனீர் அறைக்குள் நுழைந்தால், புதைத்த சட்டையோடு, வாய்த்துணி கட்டியபடி, வானேனி நெருப்பை மூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மம்கான் ஒன்றும் மிரளவில்லை. “வந்துட்டியா? மாவு புளிச்சுக் கிடக்கு, உருட்டு” என்றாள். அவளும் உருட்டினாள்.

ஊர்ப் பெண்கள் நெருப்புக் கங்கு கடன் கேட்கிற சாக்கில் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அவள்தான், சந்தேகமே இல்லை, சுண்டுவிரல் வளைந்திருப்பதுகூட அப்படியே இருந்தது. தலையைக் குழிக்குள் விட்டு, வைக்கோல் திணித்த மெத்தைக் கட்டையில் விரித்த மாவை அடுப்பின் உள்சுவரில் அறைந்து ஒட்டும்போது நமக்கெல்லாம் புருவம் கருகும், முழங்கை கொப்பளிக்கும், அவளுக்கு எதுவும் ஆகவில்லை. கங்கு மேலேயே கையை ஊன்றிக்கொண்டு குனிந்தாள். அந்த நெருப்பிலிருந்து அவள் எடுத்துப் போட்ட ரொட்டி தொட்டால் சில்லென்று இருந்தது. ருசி ஒன்றும் குறையில்லை, வாரக்கணக்கில் வைத்தாலும் பூஞ்சை பிடிக்காது, ஆனால் விழுங்கிய பிறகு அது நெஞ்சுக்குள் இறங்குகிற வழி முழுக்கக் குளிரும். பனிக்காலம் வந்தபோது ஊரில் எல்லாத் தோனீர் அறைகளின் கூரையிலும் பனி உருகி ஓடியது, மகார் வீட்டுக் கூரையில் மட்டும் விழுந்த பனி விழுந்தபடி கிடந்தது. நாய்கள் அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போயின. நாங்களும் கொஞ்ச நாளில் அதற்கெல்லாம் பழகிவிட்டோம்.

அவள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, உட்காரச் சொன்னால் உட்காருவாள், எழுந்திரு என்றால் எழுந்திருப்பாள். ரொட்டி சுட்டாள், தயிர்ப்பானையைக் கயிற்றில் ஆட்டி வெண்ணெய் எடுத்தாள், கம்பளி சிக்கெடுத்தாள், நூல் நூற்றாள், தொழுவம் கூட்டினாள், மறுபடி ரொட்டி சுட்டாள். மகார் வீட்டில் பாலாடைக்கட்டி ஜாடிகள் வைக்க இடமில்லாமல் போயிற்று. மம்கானுக்குக் கன்னத்தில் சதை போட்டது.

பாதிரியார் ஓஹானுக்குத்தான் ரொம்ப நாள் தலைவலி. செத்தவள் வேலை செய்யலாமா, ஞாயிற்றுக்கிழமை செய்யலாமா, அவள் கை பட்ட ரொட்டியைப் பூசைக்கு வைக்கலாமா என்று கழுதை ஏறி மடத்துப் பெரியவரைக் கேட்கப் போனார். மடத்துப் பெரியவர் யோசித்துவிட்டு, அவள் எதுவும் உண்பதில்லை என்றால் வருஷம் முழுக்கத் தவக்காலம் அனுசரிக்கிறாள் என்றுதானே அர்த்தம், உங்கள் ஊரில் அவளைவிட நல்ல கிறிஸ்தவர் யார் என்று திருப்பிக் கேட்டாராம். அவள் ஏன் திரும்பினாள் என்பதற்கும் ஓஹான் ஒரு விளக்கம் வைத்திருந்தார். பரலோக வாசலில் தேவதூதர் இவளிடம் பெயர் கேட்டிருப்பார், இவளோ மாமனார் இன்னும் வாயைத் திறந்துவிடாத மருமகள், பெரியவர் முன்னால் எப்படிப் பேசுவாள், பேசாதவளை எப்படி உள்ளே விடுவது, அனுமதி வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பியிருப்பார் என்றார். “மகாரே, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுமே” என்று கோயில் வாசலில் வைத்துக் கேட்கவும் செய்தார். மகார், “பாக்கலாம் சாமி, வேலை கொஞ்சம் கிடக்கு” என்றார்.

இங்கேதான் எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளின் மூளை வேலை செய்தது. வாய் திறக்காமல் செத்தவள் திரும்பி வருவாள், வந்து தீனி கேட்காமல் உழைப்பாள் என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது. அப்படியானால் எதற்கு அவசரப்பட்டு மருமகள்களின் வாயைத் திறக்க வேண்டும்? யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் முடிவெடுக்கவில்லை, ஆனால் அந்தப் பனிக்காலத்தில் ஒரு வீட்டிலும் வாய் திறப்பு நடக்கவில்லை. நரைத்த தலையோடு காத்திருந்தவள்கூடக் காத்துக்கொண்டே இருந்தாள்.

என் மாமனார் சாஹாக் அப்படியொன்றும் கொடுமைக்காரர் இல்லை. எனக்குப் பரிசாகக் கொடுப்பதற்கென்று ஒரு சிவப்புச் சால்வை வாங்கி, ஈஸ்டர் அன்று வாயைத் திறந்துவிடுகிறேன் என்று மாமியாரிடம் சொல்லி, அதைச் சுவர் முளையில் மாட்டியே வைத்திருந்தார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்வேன். ஒரு நாள் மகார் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர் சால்வையைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். என் வயிற்றில் பிள்ளை புரள ஆரம்பித்திருந்த சமயம் அது.

“பிள்ளைப்பேறு முடியறதுக்குள்ளயாவது திறந்து விட்டிருங்க” என்று மாமியார் அவரிடம் கேட்டாள். நான் கம்பளியைச் சிக்கெடுத்தபடி மூலையில் இருந்தேன்.

“பெத்துப் பிழைச்சா அப்புறம் திறந்துக்கலாம். பிழைக்கலைன்னா வாய் திறந்தவ போனது போனதுதானே. மகார் வீட்டைப் பாரு.”

“அவ என் மருமகள்ங்க.”

“எனக்கும் மருமகள்தான். அதான் சொல்றேன், வீட்டை விட்டு எங்கயும் போக மாட்டா.”

எனக்கு அன்றைக்குப் பிடித்த பயம் சாவுப் பயமில்லை. பிள்ளை பெறுகிறவளுக்குச் சாவு எப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும், எங்கள் அம்மாக்கள் எல்லோரும் அதோடு குடித்தனம் செய்தவர்கள்தான். செத்த பிறகும் இதே மூலையில் இதே கம்பளியைச் சிக்கெடுத்துக்கொண்டு, பசிக்காமல், தூங்காமல், சாஹாக் செத்து அவர் பேரன் செத்து அவன் பேரன் தலையெடுத்த பிறகும், திறக்க யாரும் இல்லாத வாயோடு நான் இங்கேயே இருப்பேன் என்பதுதான் பயம். ஈஸ்டர் அன்றாவது அவர் மனம் மாறிவிடமாட்டாரா என்று, வயிற்றில் கை வைத்துப் பிள்ளையிடம், கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வானேனியிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். பெரிய அடுப்பு என்பதால் மகார் வீட்டில் நாலு வீட்டு மருமகள்கள் கூடிச் சுடுவது வழக்கம். ஒரு நாள் எதிரில் உட்கார்ந்து, ஏன் வந்தாய், என்ன வேண்டும் என்று கையால் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். மாவிலிருந்து இரண்டு கையும் மெல்ல மேலே எழுந்தன. அவ்வளவுதான், மம்கான் எங்கிருந்தோ வந்து அந்தக் கைகளுக்குள் ஒரு தக்களியைத் திணித்துவிட்டாள். “கை சும்மா இருந்தா வம்பு பேசும்” என்றாள். அதற்குப் பிறகுதான் கவனித்தேன், மம்கான் அவள் கைகளை ஒரு கணம்கூட வெறுமையாக விடுவதில்லை. மாவு முடிந்தால் நூல், நூல் முடிந்தால் தயிர்ப்பானை, அதுவும் முடிந்தால் சும்மாவாவது ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டிரு என்று கொடுத்துவிடுவாள். அவளும் மாமியார் கொடுத்ததைக் கீழே வைக்காத நல்ல மருமகளாகப் பிடித்துக்கொண்டே நிற்பாள். அவள் ஏதோ சொல்லத்தான் வந்திருக்கிறாள், சொல்ல விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு உறைத்தது. என் வாயிலும் துணி, யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஈஸ்டர் வந்தது, போனது. பெட்டி திறக்கவில்லை.

மலைமேல் புல் முளைத்ததும் இடையர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்புவார்கள், அவர்களுக்குக் கோடைக்கு வேண்டிய ரொட்டியைச் சுட்டு அடுக்க வேண்டும். அதற்காக மகார் வீட்டில் கூடினோம். சுவருக்கு அந்தப் பக்கம் மகாரும் என் மாமனார் சாஹாக்கும் இடையர்களோடு உட்கார்ந்து எந்த ஆடு யாருடையது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். மற்ற மருமகள்கள் தண்ணீருக்குப் போனார்கள். மம்கான் வானேனியின் கையில் ஒரு பெரிய உருண்டை மாவைக் கொடுத்துவிட்டு ஜாடி எடுக்க நிலவறைக்குள் இறங்கினாள். அறையில் நானும் அவளும்தான். அப்போது எனக்கு இடுப்பு விட்டுப்போவது போல் ஒரு வலி வந்தது.

சுவரைப் பிடித்தேன், பிடி கிடைக்கவில்லை, தரையில் சரிந்தேன். பாவாடை நனைந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாய்த்துணியைப் பல்லுக்கிடையில் இழுத்துக் கடித்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நான் நினைக்கக்கூட இல்லை, கை தானாகப் போனது, பல் தானாகக் கடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சாஹாக் எதற்கோ சிரித்தார்.

வானேனி மாவைக் கீழே வைத்தாள்.

வந்த நாளிலிருந்து அவள் எதையும் தானாகக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் மண்டியிட்டாள், வயிற்றில் கையை வைத்தாள், சட்டைக்கு மேலாகவே அந்தக் குளிர் பிள்ளை வரைக்கும் போனது, பிள்ளை உள்ளே சுருண்டது. அவளிடமிருந்து ஈரமண் வாசனை வந்தது. பிறகு தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் அவளே தன் வாய்த்துணியின் முடிச்சை அவிழ்த்தாள். துணி விழுந்தது. மூக்குக்குக் கீழே மோவாய் வரைக்கும் வெறும் தோல், மழமழவென்று, மூடிவைத்த மாவு போல. வாய் இருந்ததற்கு ஒரு கோடுகூட இல்லை.

மகார் ஆயிரம் தடவை ‘பேசு மகளே’ என்றிருந்தாலும் இனி ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அவள் மாவு ஒட்டிய விரலால் தன் தொண்டையைத் தொட்டாள். கையை விரித்துச் சுவரைப் பார்த்து வீசினாள். மறுபடி தொண்டை, மறுபடி வீச்சு. கூப்பிடு. கூப்பிடு. குளிர்காலம் முழுக்க மாவையும் நூலையும் கல்லையும் பிடித்துக்கொண்டு அந்தக் கைகளுக்குள் அவள் வைத்திருந்தது அந்த ஒரு சைகையைத்தான், அதைச் சொல்லத்தான் மண்ணைக் கிளறிக்கொண்டு வந்திருக்கிறாள். கூப்பிடு, கூப்பிடு என்று நிறுத்தாமல் வீசிக்கொண்டே இருந்தாள், அவள் கண்ணில் மட்டும் கெஞ்சல் இருந்தது.

என் துணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. இரண்டு கையாலும் துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு விரலால் தடவினேன். உதடு இருந்தது, பல் இருந்தது, நாக்கு இருந்தது. அடுத்த வலி வந்தது, நான் வாயைத் திறந்தேன், யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்க நேரமில்லை, எதிரில் இருந்தவளின் பெயரைத்தான் கத்தினேன்.

“வானேனி! வானேனி!”

கூரையின் புகைத்துளை வழியாக அந்தச் சத்தம் ஊருக்குள் போனது. ஊற்றடியில் குடம் உடைந்தது என்று பிறகு சொன்னார்கள். மருத்துவச்சி கோஹார் மாவுக்கையோடு தெருவில் ஓடி வந்தாள், என் மாமியார் ஓடி வந்தாள், மம்கான் ஜாடியோடு நிலவறைப் படியில் நின்றாள். வானேனி எழுந்து நிலைப்படி வரைக்கும் போய், முதுகைக் காட்டி நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மகாரின் குரல் கேட்டது.

“வானேனியா? அது யாரு?”

சாஹாக்குக்குத் தெரியாது, இடையர்களுக்குத் தெரியாது, மம்கான் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவள் காத்திருந்தாள். கோஹார் என் முழங்காலைப் பிடித்து, “முக்கு” என்றாள். நான் முக்குவதற்கு முன்னால் மூச்சைப் பிடித்து, ஒரு மருமகள் ஒருபோதும் செய்யக் கூடாத விதத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவருக்குக் கேட்கும்படி சொன்னேன்.

“உங்க மருமகள் மாமா. அவ பேரு வானேனி.”

அதைக் கேட்டுவிட்டு அவள் வெளியே நடந்தாள். நல்ல வெயில். தெருவில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். “மருமகளே, மாவு காயுது” என்று மம்கான் பின்னாலிருந்து கூப்பிட்டாள், அவள் திரும்பவில்லை. கல்லறை மேட்டுப் பாதையில் கைகள் இரண்டையும் வெறுமையாக வீசிக்கொண்டு அவசரமில்லாமல் ஏறிப் போனாளாம். அன்று சாயங்காலம் மகார் வீட்டுக் கூரையிலிருந்து, வெயில் காலத்தில், தேங்கிக் கிடந்த பனியெல்லாம் உருகி வாசல் முழுக்கச் சேறானது.

எனக்குப் பெண் பிறந்தது, பிறந்ததும் வீறிட்டது. நான் எழுந்ததும் செய்த முதல் வேலை, பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்புச் சால்வையை நானே எடுத்துப் பிள்ளையைச் சுற்றியதுதான். சாஹாக் அதற்குப் பிறகு சாகும்வரை என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். மற்ற வீடுகளில் வாய்த்துணி கட்டுவது நின்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், இன்னும் கட்டுகிறார்கள். ஆனால் வலி கண்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் துணியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மாமனார் இருக்கிறாரா இல்லையா என்றெல்லாம் பார்க்காமல், அந்தப் பெயரைச் சொல்லித்தான் கத்துகிறார்கள்.

மகார் இப்போது கிழவராகிவிட்டார், மம்கான் போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் படையிலிருந்து வரவேயில்லை. ஊரில் எந்த வீட்டிலாவது அந்தச் சத்தம் கேட்டால் அவர் திடுக்கென்று விழித்து வாசலுக்கு வந்து, “வானேனி வந்துட்டாளா?” என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்கிறார். நான் அந்தப் பக்கம் போனால் நின்று பதில் சொல்வேன். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது, அதனால் கிட்டப் போய், உரக்கத்தான் சொல்வேன், அவ வரமாட்டா மாமா, அவளை உள்ளே விட்டுட்டாங்க என்று.